கோடீஸ்வரராக இருந்த பதினாலு நாள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் சங்க நூலகத்தில் வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். மாதுங்கா நண்பர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போகிறாளாம். "அங்கிள், அங்கே நம்ம ஊர் பேங்க் கார்டு எதுவுமே வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டாள். நிஜம்தான். 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டு கம்பெனிகளும் ரஷ்யாவில் கடையைக் கட்டிவிட்டன. அதிலிருந்து வெளிநாட்டில் வாங்கிய அந்தக் கார்டுகள் அங்கே வெறும் பிளாஸ்டிக் துண்டுதான்.

எனக்கு ரஷ்யா தெரியாது. ஆனால் கார்டு செல்லாத ஒரு நாட்டில் மனைவியை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, கையில் இருந்த காசை மூன்றாம் முறையாக எண்ணிப் பார்த்த அனுபவம் உண்டு. அதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஆசிரியர் குழு நண்பர், "சார், இதை அப்படியே எழுதிக் கொடுத்துடுங்க" என்று பிடித்துக்கொண்டார். நான் எழுத்தாளன் அல்ல. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பாதை பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, முப்பத்தொன்பது வருஷம் தண்டவாளத்தோடு நடந்தவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஈரான்?

2018-ல் ரிட்டயர் ஆனேன். எல்லாரும் சிங்கப்பூர், துபாய் என்று போகிறார்கள். எனக்கு ஈரான் போக ஆசை. காரணம் ஒரு பாலம்.

கர்ஜத் - லோனாவாலா இடையே போர் காட் பாதையில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். மழைக்காலத்தில் பாறை விழும், ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். அந்த நாளில் ரயில்வே பயிற்சிப் பள்ளியில் ஒரு பழைய புத்தகத்தில் ஈரானின் வெரெஸ்க் பாலத்துப் படத்தைப் பார்த்தேன். இரண்டு மலைக்கு நடுவே ஒற்றை வளைவு. வளைவின் அகலம் 66 மீட்டர். கீழே பள்ளம் 110 மீட்டர். அந்தப் பாதையின் ஏற்றமும் ஏறக்குறைய நம் போர் காட் அளவுதான். அன்றே மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த ரயில் பாதைக்கு இன்னொரு பெருமை உண்டு. பாரசீக வளைகுடாவிலிருந்து காஸ்பியன் கடல் வரை 1,394 கிலோமீட்டர். 1927-ல் தொடங்கி 1938-ல் முடித்தார்கள். வெளிநாட்டுக் கடன் ஒரு காசு வாங்கவில்லை. சர்க்கரைக்கும் தேயிலைக்கும் வரி போட்டு, அந்தப் பணத்திலேயே கட்டினார்கள். ஊர் முழுக்கக் குடித்த தேநீரில் ஓடிய ரயில்! 2021-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மனைவிக்குப் பாலத்தில் ஆர்வம் கிடையாது. "நீங்க ரிட்டயர் ஆனதுக்கு அப்புறமும் பாலம் பாக்கவா கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள். இஸ்பஹான் நகரத்து நீல ஓடு பதித்த மசூதிகளின் படத்தைக் காட்டியதும் சம்மதித்தாள். 2019 அக்டோபர் 3-ம் தேதி மும்பையிலிருந்து நேர் விமானத்தில் டெஹ்ரான் புறப்பட்டோம்.

கிளம்புமுன் செய்த தவறு

ஈரானுக்கு அமெரிக்கா விதித்த தடை புதிதல்ல. 1979-ல் ஆரம்பித்து, 1995-ல் முழு வர்த்தகத் தடை ஆயிற்று. 2012-ல் ஈரானிய வங்கிகளை 'ஸ்விஃப்ட்' என்ற உலக வங்கித் தொடர்பிலிருந்து துண்டித்தார்கள். 2015-ல் அணுசக்தி ஒப்பந்தம் வந்து கொஞ்சம் மூச்சு விட்டார்கள். 2018 மே மாதம் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஆகஸ்டிலும் நவம்பரிலும் தடைகள் திரும்ப வந்தன. நம் இந்தியாவே 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் வாங்குவதை நிறுத்திவிட்டது.

பயணிக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான். உங்கள் கார்டு ஓடாது. ஏ.டி.எம். பணம் தராது. வீட்டிலிருந்து பணம் அனுப்பும் கம்பெனிகளுக்கு அங்கே கிளை கிடையாது. கையில் கொண்டுபோனதுதான் காசு.

ஃபோர்ட்டில் அனுமதி பெற்ற பணமாற்று நிலையத்தில் இருந்த பையன் இதைத் தெளிவாகவே சொன்னான். "சார், மத்த நாட்டுக்கு மூவாயிரம் டாலருக்கு மேல நோட்டாத் தர மாட்டோம். ஈரானுக்கும் ரஷ்யாவுக்கும் ரிசர்வ் பேங்க் விலக்கு கொடுத்திருக்கு. முழுசும் நோட்டாவே எடுத்துக்கலாம்" என்றான். மனைவியும், "இன்னும் ஆயிரம் டாலர் சேர்த்து எடுத்துக்குங்க, செலவாகலேன்னா திரும்பக் கொண்டுவந்து மாத்திக்கலாம்" என்றாள்.

நான் கேட்டேனா? எஸ்டிமேட் போட்டே பழகிய கை. இரண்டு பேருக்கு பதினாலு நாள், ஓட்டல் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, பத்து சதவீதம் கூடுதல் என்று கணக்குப் போட்டு 1,500 டாலர் போதும் என்று முடிவு செய்தேன். ஆபத்து என்றால் ஏதாவது ஒரு வங்கி உதவாமலா போகும் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. எந்த ஸ்டேஷனிலும் லூப் லைன் ஒன்று இருக்கும் என்று நம்புகிற புத்தி!

ஒரு டாலருக்கு மூன்று விலை

டெஹ்ரானில் ஃபிர்தௌசி வீதி என்று ஒன்று. வரிசையாகப் பணமாற்றுக் கடைகள். 'சர்ராஃபி' என்று பெயர். நம் ஊரில் சராஃப் என்கிறோமே, அதே சொல்தான்.

அந்தக் கடைக்குள் போகுமுன் நடைபாதையில் பத்துப் பேர் "டாலர், டாலர்" என்று காதோரம் முணுமுணுக்கிறார்கள். கை நிறைய நோட்டுக் கட்டு. கடையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவதாகச் சொல்வார்கள். எண்ணும்போது நோட்டு குறையலாம். போலீஸ் வந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்ளலாம். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

அங்கேதான் ஒரு விஷயம் புரிந்தது. நான் மும்பையிலிருந்து கிளம்புமுன் செல்போனில் பார்த்தபோது ஒரு டாலருக்கு 42,000 ரியால் என்று இருந்தது. கடைப் பலகையில் சுமார் 1,15,000! ஏதோ தப்பு என்று நினைத்தேன். தப்பில்லை. 2018 ஏப்ரலில் ரியால் சரிந்தபோது, அரசாங்கம் 42,000 என்று ஒரு விலை நிர்ணயித்து, அதற்கு மேல் யாரும் விற்கக்கூடாது என்றது. கடைகள் மூடிவிட்டன. ஆனால் டாலர் கேட்பாரா? வெளிச்சந்தையில் செப்டம்பர் கடைசியில் 1,90,000 வரை போயிற்று. இதற்கிடையே அரசாங்கமே இறங்கி வந்து, கடைகளைத் திறக்க அனுமதித்தது. 42,000 என்பது மருந்து, தானியம் போன்ற அவசியப் பொருள் இறக்குமதிக்கு மட்டும் என்று ஆயிற்று. ஏற்றுமதி, இறக்குமதிக்காரர்களுக்கு ஒரு விலை. கடைத்தெருவில் ஒரு விலை. ஆக, ஒரே டாலருக்கு மூன்று விலை.

ரேஷன் கடையில் ஒரு விலை, வெளியே ஒரு விலை என்று நமக்குப் பழக்கம்தானே! இரண்டு விலைக்கும் இடையே பள்ளம் இருந்தால், அந்தப் பள்ளத்தில் பணம் பண்ண ஆள் இறங்குவான். இது நம் நாட்டுக்கும் தெரிந்த பாடம்.

கடைக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், ரசீது கொடுத்தார். ஒவ்வொரு டாலர் நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவி சுருக்குப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த 100 டாலர் நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மடிப்பு விழுந்த நோட்டு, மை பட்ட நோட்டு, பழைய அச்சு நோட்டு எடுக்க மாட்டார்களாம். இரும்புப் பெட்டி தேய்ப்பது போல அதை ஓட்டல் மெத்தைக்கு அடியில் இரண்டு நாள் வைத்து நிமிர்த்தி, வேறொரு கடையில் மாற்றினேன்.

200 டாலர் கொடுத்ததற்கு 2 கோடியே 30 லட்சம் ரியால் வந்தது. "கல்யாணமாகி முப்பத்தைஞ்சு வருஷத்துல இன்னிக்குத்தான் கோடீஸ்வரி ஆனேன்" என்றாள் மனைவி.

பூஜ்யம் படுத்திய பாடு

கோடீஸ்வரர்களுக்கு முதல் தலைவலி பூஜ்யம். நோட்டில் அச்சடித்திருப்பது ரியால். வாயில் பேசுவது தோமான். பத்து ரியால் ஒரு தோமான். அதோடு விட்டார்களா? பேச்சில் 'ஆயிரம்' என்பதையும் முழுங்கிவிடுகிறார்கள். டாக்ஸிக்காரர் "எழுபத்தைந்து" என்றால் எழுபத்தைந்தாயிரம் தோமான். அதாவது 7,50,000 ரியால். நான் முதல் நாள் பெருமையாக 75,000 ரியாலை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார். கோபிக்கவில்லை, என் கையிலிருந்த கட்டிலிருந்து தாமே எண்ணி எடுத்து, மீதியைத் திணித்தார். சரியாகத்தான் எடுத்திருந்தார், பிறகு சரிபார்த்தேன்!

இன்னொரு வேடிக்கை. காசு கொடுக்கப் போனால் முதலில் வேண்டாம் என்பார்கள். "உங்களுக்கு முன்னால் இது ஒரு பொருட்டா?" என்கிற மாதிரி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் விருந்துக்குப் போனால் "போதும் போதும்" என்று இலையை மறைப்போமே, அதுபோல மரியாதை. இரண்டு, மூன்று முறை வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். நிஜமாகவே வேண்டாம் என்கிறார் என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் அவ்வளவுதான்.

உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கார்டில்தான் பணம் கொடுக்கிறார்கள். ரொட்டிக் கடையில்கூட மெஷின் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் நாட்டுக்குள் மட்டும் ஓடுகிற வலை. அவர்கள் வலை வெளியே வராது. நம் வலை உள்ளே போகாது. கேஜ் வேறு என்றால் எப்படி வண்டி ஓடும்?

வெரெஸ்க்

நாலாம் நாள் டெஹ்ரானிலிருந்து சாரி போகும் ரயிலில் ஏறினோம். எல்பர்ஸ் மலை தாண்டியதும் பாதை இறங்க ஆரம்பிக்கிறது. 'மூன்று பொன் கோடுகள்' என்று ஓரிடம். நாம் போகும் பாதையும், அடுத்து வளைந்து இறங்கப் போகும் பாதையும், அதற்கும் கீழே உள்ள பாதையும் ஒரே பார்வையில் தெரியும். நான் ஜன்னலை விட்டு அகலவில்லை. பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மேலே போகிறவனுக்குப் பாலம் தெரியாது. அதனால் போலே செஃபீத் ஸ்டேஷனில் இறங்கி, கார் பேசி, திரும்ப வந்து கீழே நின்று பார்த்தோம்.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. முதல் ரயில் போனபோது, கட்டிய இன்ஜினீயர் தம் குடும்பத்தோடு பாலத்துக்கு அடியில் நின்றார் என்று அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். உண்மையோ, பொய்யோ, அந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அது புரியும். சரக்கு ரயில் ஒன்று மேலே போனது. மனைவி, "சரி, பாத்தாச்சா? வாங்க இஸ்பஹானுக்கு" என்றாள். ஆனால் அவளும் பத்து நிமிஷம் பேசாமல் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

காஜு பாலத்துப் படிக்கட்டு

இஸ்பஹானில் நக்ஷே ஜஹான் மைதானம், மசூதி எல்லாம் பார்த்து முடித்து, அக்டோபர் 10, வியாழக்கிழமை சாயங்காலம் காஜு பாலத்துக்குப் போனோம். பதினேழாம் நூற்றாண்டுப் பாலம். கீழே ஆற்றில் இறங்கக் கல் படிக்கட்டு. ஜனங்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். தேய்ந்த படியில் மனைவிக்குக் கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு கரண்டி மாதிரி வளைந்துவிட்டது. பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கியது.

யார் யாரோ ஓடி வந்தார்கள். ஒரு குடும்பம் தங்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. கை வீங்கிக்கொண்டே வந்ததால், அந்தக் கையில் இருந்த தங்க வளையலைக் கழற்ற முடியவில்லை. நர்ஸ் ஒரு சிறு வெட்டுக்கத்திரி கொண்டு வந்து வெட்டி எடுத்து, காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். 1997-ல் ஐந்தாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வந்தபோது வாங்கிய ஜோடி வளையலில் ஒன்று. ஒன்றரைப் பவுன். வலியைவிட அதை வெட்டியபோதுதான் அவள் அழுதாள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு விலகியிருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும், சனிக்கிழமை காலை ஆபரேஷன் என்றார். நல்ல ஆங்கிலம் பேசினார். வெளிநாட்டுப் பிளேட் இப்போது எளிதில் வருவதில்லை, உள்நாட்டில் செய்ததைப் போடச் சம்மதமா என்று கேட்டார். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் தடை இல்லை என்றுதான் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் விற்கிறவனுக்குப் பணம் அனுப்ப வங்கி வழி இல்லையென்றால் சரக்கு எப்படி வரும்? "காகிதத்தில் பாதை திறந்திருக்கிறது, சிக்னல்தான் விழவில்லை" என்று நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வேலைப்பாடு சுத்தமாக இருந்தது. சம்மதித்தேன்.

பிறகு கணக்காளர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 90 லட்சம் தோமான். 9 கோடி ரியால். வெளிநாட்டவர் முன்பணமாகவே கட்டவேண்டும். பயண இன்சூரன்ஸ் இருந்தது. போனில் கேட்டால், நீங்கள் செலவு செய்துவிட்டு ரசீது கொண்டு வாருங்கள், ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை

ராத்திரி ஓட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டேன். மிச்சம் 900 டாலர். ரியாலில் 10 கோடியே 35 லட்சம். ஆஸ்பத்திரிக்கு 9 கோடி போனால் நிற்பது 1 கோடியே 35 லட்சம். டாக்டர் ஐந்து நாள் அசையக்கூடாது என்கிறார். அந்த ஐந்து நாள் ஓட்டல், மருந்து, சாப்பாடு, டெஹ்ரானுக்குப் படுக்கவைத்துக் கொண்டுபோகக் கார் எல்லாம் சேர்ந்து நாலரைக் கோடி. மூன்று கோடி ரியாலுக்கு மேல் துண்டு விழுகிறது. நம் பணத்தில் சொன்னால் இருபதாயிரம் ரூபாய் கூட இல்லை! மும்பையில் என் வங்கிக் கணக்கில் பணம் தூங்குகிறது. ஒரு ரூபாய் இங்கே வராது.

மறுநாள் வெள்ளி. அங்கே அது வார விடுமுறை. கடை, வங்கி எல்லாம் மூடல்.

ஓட்டலில் நம் நாட்டு உலர்பழ வியாபாரி ஒருவர் தங்கியிருந்தார். விஷயம் கேள்விப்பட்டு வந்து, "கவலைப்படாதீங்க பாய் சாப். உங்க பையன் மஸ்ஜித் பந்தர்ல எங்க ஆள்கிட்ட ரூபாய் கொடுத்துட்டு ஒரு போன் பண்ணட்டும். அரை மணியில இங்கே உங்க கையில ரியால் இருக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அன்பர்களே, இதற்குப் பெயர் ஹவாலா. 1999-ம் வருஷத்து அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி குற்றம். தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. நான் யோசிக்காமல் மறுத்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மகனுக்குப் போன் செய்தேன். "அப்பா, முதல்ல அம்மாவைப் பாருங்க. சட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. முப்பத்தொன்பது வருஷ சர்வீசில் காண்டிராக்டர் கொடுத்த தீபாவளி இனிப்புப் பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த வறட்டுப் பெருமைக்காக இவளைக் கஷ்டப்படுத்துவதா என்று ஒரு பக்கம். பணம் யாரிடமிருந்து எதற்காக வருகிறது என்று தெரியாமல், அதுவும் தடை விதித்த நாட்டில் நின்றுகொண்டு, இருபத்தைந்து வயசுப் பையனை இதில் மாட்டிவிடுவதா என்று இன்னொரு பக்கம். மத்தியானம் வரை வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னாள்:

"அந்தக் காகிதப் பொட்டலம் எங்கே?"

"எது?"

"வளையல். வெட்டினதை மறுபடி போட முடியுமா? நாளைக்குக் கடை திறந்ததும் போட்டுடுங்க. இது நம்ம பொருள். யாரையும் கேக்க வேண்டாம்."

எனக்கு இது தோன்றவே இல்லை. ஃபிர்தௌசி வீதியில் மூன்று விலை, மூன்று கணக்கு என்று அலைந்தவன், சட்டைப் பையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

உரைகல்

சனிக்கிழமை காலை ஓட்டல் வரவேற்பில் இருக்கும் பையன் துணைக்கு வந்தான். பஜாரில் தங்கக் கடைகள் ஒரு வரிசை. வயசான ஆசாரி ஒருவர். முதலில் தேநீர் வந்தது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, வளையலைக் கருப்புக் கல்லில் இழுத்தார். நம் ஊர் உரைகல்லேதான்! பக்கத்தில் மாற்று தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. மேலே ஒரு சொட்டு அமிலம். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "இருபத்தொன்று" என்றார்.

நான் 22 காரட் என்று வாங்கியது. 22 வருஷமாக அந்த நம்பிக்கையிலேயே இருந்தோம். விற்ற கடைக்காரர் சொன்ன ஒரு காரட்டை இஸ்பஹானில் வந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் ஹால்மார்க் முத்திரை வந்ததே 2000-ம் வருஷம்தானே.

அங்கே நகை பெரும்பாலும் 18 காரட். அதனால் கிராம் விலையும் 18 காரட்டுக்குத்தான் பேசுகிறார்கள். 12 கிராம் 21 காரட் என்றால், 18 காரட் கணக்கில் 14 கிராம். அவர் தம் செல்போனில் அன்றைய விலையைக் காட்டினார்: கிராம் சுமார் 4 லட்சம் தோமான். நான் கால்குலேட்டரில் தட்டுமுன் அவர் மனக்கணக்காகச் சொல்லிவிட்டார். கழிவு போக 55 லட்சம் தோமான். ஐந்தரைக் கோடி ரியால்.

இங்கே ஒன்று கவனியுங்கள். லண்டனில் தங்கம் என்ன விலையோ, அதை வெளிச்சந்தை டாலரால் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் வருகிறது. 42,000 என்ற கணக்குப்படி ஒருவரும் தங்கம் விற்பதில்லை. அரசாங்கம் என்ன விலை சொன்னாலும், உரைகல் வேறு விலை சொல்கிறது. மும்பையில் விற்றிருந்தால் நாலைந்தாயிரம் ரூபாய் கூட வந்திருக்கும். நம் நாட்டில் அப்போது தங்கத்துக்கு பன்னிரண்டரை சதவீத இறக்குமதி வரி. ஆனால் மும்பை 2,500 கிலோமீட்டர் தூரத்தில் இருந்ததே!

எண்ணிக் கொடுத்த ஆசாரி, கடைசியில் கட்டின் மேல் கையை வைத்து ஏதோ சொன்னார். பையன் மொழிபெயர்த்தான்: "அம்மாவுக்குச் சரியாகட்டும். இந்தக் கதவை மறக்காதீர்கள்." ரசீதை வாங்கி இன்றும் வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். இன்ஜினீயரிங் படித்தவன். ஜெர்மனி போய் மேலே படிக்க மூன்று வருஷம் பணம் சேர்த்திருக்கிறான். 2017-ல் ஒரு டாலருக்கு 37,000, 38,000 ரியால். 2019-ல் 1,15,000. சேர்த்த பணம் அப்படியே வங்கியில் இருக்கிறது. ஒரு ரியால்கூடக் குறையவில்லை. ஆனால் அது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. மொழித் தேர்வுக்குக் கட்டணம் கட்டக்கூட அவனுடைய கார்டு வெளியே செல்லாது. துருக்கியில் இருக்கும் உறவினர் கட்டினாராம். "நீங்க பத்து நாள்ல வீட்டுக்குப் போயிடுவீங்க சார்" என்றான். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. நான் இரண்டு நாள் பட்ட பாட்டை அவன் தினமும் படுகிறான். துணைக்கு வந்ததற்கு அவன் ஒரு ரியால் வாங்கவில்லை. மூன்று முறை அல்ல, பத்து முறை வற்புறுத்தியும் வாங்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. 17-ம் தேதி விமானம் ஏறினோம். எல்லைக்கு வெளியே ரியால் செல்லாக்காசு என்பதால், மிச்சத்துக்குக் குங்குமப்பூவும் பிஸ்தாவும் வாங்கினாள் மனைவி, இடது கையால் பேரம் பேசி. தீபாவளிக்கு வீட்டில் இருந்தோம். இன்சூரன்ஸ் பணம் வர ஐந்து மாதம் ஆயிற்று. பாரசீக மொழி ரசீதை மொழிபெயர்க்கச் சொல்லி இரண்டு முறை திருப்பினார்கள்.

புது வளையல் வாங்கலாம் என்றேன். "உள்ளேயே ஒண்ணு போட்டிருக்காங்களே, அது போதும்" என்கிறாள். அந்த பிளேட் இன்னும் கையில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் சற்று வலிக்கும்.

2020 மே மாதம் ஈரான் நாடாளுமன்றம் ரியாலில் நாலு பூஜ்யத்தை நீக்க ஒரு மசோதா நிறைவேற்றியது. பூஜ்யத்தை நீக்கினால் விலை நிற்குமா? 2025 மார்ச்சில் டாலர் பத்து லட்சம் ரியாலைத் தாண்டியது. அந்த வருஷம் செப்டம்பரில் ஐ.நா. தடைகளும் திரும்ப வந்தன. செய்தி படிக்கும்போதெல்லாம் அந்தப் பையனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பரின் மகளுக்கு நான் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் தருகிறேன்.

1. தடை உள்ள நாட்டுக்குப் போகுமுன், நம் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். போகலாமா, வேண்டாமா என்பதே முதல் கேள்வி.

2. ரிசர்வ் வங்கி விதிப்படி பொதுவாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாக வாங்கலாம். இராக், லிபியாவுக்கு 5,000. ஈரான், ரஷ்யா மற்றும் பழைய சோவியத் கூட்டமைப்பு நாடுகளுக்கு முழுத் தொகையும் நோட்டாகவே வாங்கலாம். கிளம்புமுன் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி பெற்ற இடத்தில் மட்டும் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

3. உங்கள் கணக்கு எவ்வளவோ, அதில் பாதியைக் கூடச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமானால் நஷ்டமில்லை. திரும்பி வந்து 180 நாளுக்குள் ஒப்படைக்கலாம்; 2,000 டாலர் வரை கையில் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு.

4. புது நோட்டு, மடிக்காத நோட்டு. சுருக்குப்பை வேண்டாம்! ஒரே பையில் வைக்காமல், இரண்டு பேரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. செல்போன் காட்டும் விலையை நம்பாதீர்கள். போய் இறங்கியதும் ஓட்டலில் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். விலை தினமும் மாறும்.

6. நடைபாதையில் மாற்றாதீர்கள். ஹவாலா பக்கம் போகாதீர்கள், யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும்.

7. இன்சூரன்ஸ் எடுக்குமுன், அந்த நாட்டுக்கு அது செல்லுமா, பணம் அங்கேயே கட்டுவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

8. நம் தூதரகத்தின் அவசரத் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பையில் வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை முழுதும் வராந்தாவில் நடந்ததற்குப் பதிலாக, அந்த எண்ணை முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு அந்தப் பெண், "ஒன்பதாவதா ஒண்ணு விட்டுட்டீங்களே அங்கிள்" என்றாள். "என்னம்மா?" என்றேன். "ஆன்ட்டி சொன்னா கேக்கணும்" என்றாள்.

சேர்த்துக்கொள்ளுங்கள்.